மோட்டார் சைக்கிளுக்குச் சூடு காட்டும் மீற்றர்



டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளைப் புதிதாக வாங்கும் காலம் போய்விட்டது. ஆனாலும் நம் தோட்டங்களில் சுசுகி ஏ 100 போன்ற பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், டவுனுக்குப் போக டிவிஷனில் அந்த ஒரு வண்டிதான் இருக்கும். அது பாதி வழியில் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நம்மில் ஒருவருக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். நுவரெலியாவில் வண்டி புகை கக்குது, பெற்றோலும் குடிக்குது என்று கராஜ் ஒன்றில் காட்டினார். பாஸ் காபரேட்டரைத் திறந்து, மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறிய ஜெட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். மலையில் வண்டி நன்றாகவே ஓடியது. ஒருநாள் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அவிசாவளைக்குப் போய்த் திரும்பும்போது, கித்துள்கலையைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றத்தில் பிஸ்டன் இறுகிவிட்டது. பின் சில்லு அப்படியே நின்றது. வண்டி சறுக்கி விழுந்து, பின்னால் இருந்த மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் அவர் கொழுந்து எடுக்கப் போகவில்லை.

காரணம் இதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தை விட ஆறில் ஒரு பங்களவு குறைவு. காற்று குறைந்த இடத்தில், அதே ஜெட் கொடுக்கிற பெற்றோல் கூடுதலாகிப் புகை வரும். அதற்காக ஜெட்டைச் சிறிதாக்கினால், கீழே அடர்ந்த காற்றுக்கு வந்ததும் பெற்றோல் போதாது. பெற்றோல் குறைந்த கலவை எஞ்சினுக்குச் சூட்டைக் கூட்டும். பெற்றோலில் ஒயிலைக் கையால் கலந்து ஊற்றும் வண்டியென்றால், பெற்றோல் குறையும்போது ஒயிலும் சேர்ந்து குறையும். சூடும் காய்வும் ஒன்றாகச் சேர்ந்தால் பிஸ்டன் தாங்காது. அன்று ஒரு மீற்றர் இருந்திருந்தால், முள் வழக்கத்தை மீறி ஏறுவதை ஏற்றத்தின் பாதியிலேயே கண்டிருக்கலாம்.

கார்களில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீற்றர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வண்டிகள் காற்றால் குளிர்பவை. ஆகவே அது சரிவராது. பிளக்கின் கீழே மாட்டும் வளையம் உள்ள மீற்றர்தான் தேவை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் இதை வெப்பவிணை என்பார்கள். முள் வைத்த மீற்றர்களில் பல இந்த மின்சாரத்திலேயே வேலை செய்யும், பற்றரியே வேண்டாம். பழைய ஏ 100 வண்டிக்கு 6 வோல்ட் பற்றரிதான். அதில் 12 வோல்ட் மீற்றரை மாட்டிப் பயனில்லை. இலக்கம் காட்டும் மீற்றர்தான் வேண்டுமென்றால் தனக்கென்று சிறு பற்றரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வளையம் 14 மில்லிமீற்றர் பிளக்குக்கு உரியதா என்றும் கேளுங்கள்.

மாட்டும் வேலை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் புரி பிய்ந்துவிடும். முதலில் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரைக் கீறும். பெரும்பாலான மீற்றர்களில் பிளக்கின் பழைய வாஷரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வளையத்தைப் போட வேண்டும். வாஷரும் இருக்கட்டும் என்று பெட்டியில் உள்ள தாளில் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். பிளக்கைக் கடைசிவரை கையால் திருகுங்கள். வளையம் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா, வயர் ஹெட்டின் செதில்களில் முட்டாமல் வெளியே வருகிறதா என்று பார்த்த பின்பே ஸ்பானரைத் தொடுங்கள். புது வாஷர் இருந்தால் அரைச் சுற்று. வளையம் மட்டும் என்றால், மணிக்கூட்டில் சின்ன முள் ஒரு மணித்தியாலத்துக்கு நகரும் தூரம் போதும். இறுக்கும்போது வளையமும் கூடச் சுழன்றால் வயர் அறுந்துவிடும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் பிளக்கின் அடியில் ஒரு சொட்டு ஒயில் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் காற்றுக் கசிகிறது. நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி சரிபாருங்கள்.

அந்த வயரை வெட்டக்கூடாது. சாதாரணச் செப்பு வயரை ஒட்டி நீட்டவும் கூடாது. உலோகம் மாறினால் கணக்கே மாறிவிடும். நீளம் மிஞ்சினால் பெற்றோல் தாங்கியின் கீழே சுருட்டிக் கட்டுங்கள். சைலன்சர் குழாயிலும் பிளக்குக்கு வரும் தடித்த வயரிலும் படாமல் கொண்டுபோய், ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி இழுபடுகிறதா என்று பாருங்கள்.

எத்தனை பாகை வரை போகலாம் என்று கேட்பீர்கள். வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாகச் சமதரையில் 140 முதல் 180 பாகை செல்சியஸ், ஏற்றத்தில் 200 பாகையை ஒட்டி நிற்கும். 230 வந்தால் கியரைக் குறைத்து மெதுவாகப் போங்கள். 250 வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்; தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். முதல் வாரம் நீங்கள் தினமும் போகும் பாதையில் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு அதே ஏற்றத்தில் 30 பாகை கூடிவிட்டால் ஏதோ கோளாறு. ஜெட்டில் தூசி, காபரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிவு, செதில்களில் சேறு, பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒயில் குறைந்தாலும் சூடு ஏறும்.

இந்த மீற்றர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நம் பகுதியில் அதுதான் ஆபத்து. நீண்ட இறக்கத்தில் திரொட்டிலை மூடி, எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குவோம். அப்போது பெற்றோல் வராது, ஒயிலும் சொட்டுத்தான். பிஸ்டனோ வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். முள் என்னவோ கீழே இறங்கிக் குளிர்ச்சி என்றுதான் சொல்லும். அதை நம்பாதீர்கள். இறக்கத்தில் அடிக்கடி கிளச்சைப் பிடித்துக் கொஞ்சம் திரொட்டில் கொடுங்கள், வேகத்தை பிரேக்கால் அடக்குங்கள். எஞ்சின் இழுவை திடீரென்று குறைந்து சத்தம் மாறினால், யோசிக்க நேரமில்லை, உடனே கிளச். அது பிடித்திருந்தால் சில்லு உருளும், நீங்கள் விழமாட்டீர்கள். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளச்சின் மேலேயே இருக்கட்டும்.

மேலே சொன்ன நம் நண்பர் சிலிண்டரைப் போர் செய்து, புதுப் பிஸ்டன் போட்டு, கம்பெனி கொடுத்த அளவிலேயே ஜெட்டைத் திரும்பப் போட்டுவிட்டார். மீற்றரும் மாட்டியாகிவிட்டது. நுவரெலியாவில் வண்டி இன்னமும் கொஞ்சம் புகைக்கத்தான் செய்யுது.