கூமுட்டைக்கு இடி காரணமில்லை

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் அவயம் (அடை) வைத்த கூடையைப் பார்த்தால், முட்டைகளோடு வேறு சில சாமான்களும் கிடக்கும். ஒரு துருப்பிடித்த ஆணி அல்லது உடைந்த லாடம், இரண்டு வரமிளகாய், ஒரு துண்டு அடுப்புக்கரி. கோடை இடி இடிக்கும்போது முட்டைக்குள் கரு கலங்கிவிடாமல் இரும்பும் கரியும் காக்கும் என்பது நம்பிக்கை. பல்லடம், காங்கயம், தாராபுரம், கோபி என்று எந்தப் பக்கம் போனாலும் இதைச் சொல்ல ஆள் உண்டு. பதினோரு முட்டை வைத்து மூன்று குஞ்சு மட்டும் வந்தால், “அன்னைக்கு ராத்திரி இடிச்ச இடியில அத்தனையும் கூமுட்டையாப் போச்சுங்க” என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

ஆணி வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, அதன் முனை ஓட்டைக் கீறாதவரை. ஆனால் பழியை இடியின் மேல் போட்டுவிட்டால் உண்மைக் காரணத்தைத் தேட மாட்டோம். அதுதான் நஷ்டம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர் விமானங்களின் வெடிப்பொலி, இடியைப் போலவே திடீரென்று அதிரும். அந்த ஒலி பொரிப்பைக் கெடுக்குமா என்று அமெரிக்க விமானப்படை கோழி முட்டைகளை வைத்தே சோதித்து 1965-இல் அறிக்கை தந்தது. பொரிப்பு குறையவில்லை.

அப்படியானால் கோடை மழைக் காலத்தில் கூமுட்டை கூடுவது பொய்யா? இல்லை, கூடத்தான் செய்கிறது. இடி இடிக்கிற அதே சித்திரை, வைகாசியில்தான் வெயிலும் உச்சத்தில் இருக்கிறது. குற்றவாளி வெயில். அதுவும் கோழி உட்கார்ந்த பிறகு அடித்த வெயில் அல்ல; உட்காருவதற்கு முன்னால், முட்டை சேர்த்துவைத்த நாட்களில் அடித்த வெயில்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முட்டை வெளியே வரும்போதே கரு வளரத் தொடங்கியிருக்கும். தாயின் உடலுக்குள் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும் முட்டையில், 41 டிகிரிக்கு நெருக்கமான அந்த உடற்சூட்டில், கரு பல்லாயிரம் செல்களாகப் பிரிந்துவிடுகிறது. வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்று, கரு உறங்கும். அந்த உறக்கம் கலையாமல் இருக்க 20 டிகிரிக்குக் கீழே குளுமை வேண்டும். நல்லபடி வளர 37.5 டிகிரி வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தால் வினை. கோவையில் சித்திரைப் பகல் 36, 37 டிகிரி போகும். ஈரோடு, கரூர்ப் பக்கம் 40-ஐத் தொடும். தகரக் கொட்டகைக்குள் இன்னும் கூடுதல். அங்கே அலமாரி மேலோ அரிசி மூட்டை மேலோ வைத்த முட்டையில் கரு பகலில் அரைகுறையாக வளரும், இரவில் தடுமாறும், மறுநாள் மறுபடி வளரப் பார்க்கும். பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்து, மறுநாள் திரும்ப அடுப்பில் ஏற்றுவதைப் போன்ற வேலை இது. இப்படி ஐந்தாறு நாள் போனால் கரு செத்துப்போகும், அல்லது நோஞ்சானாக மிஞ்சும். செத்த கரு உள்ள முட்டைக்கு அதன்பின் கோழி 21 நாள் சூடு காட்டினால் அது அழுகாமல் என்ன செய்யும்? நடுவில் ஒரு நாள் இடியும் இடித்திருக்கும். பழி அதன் தலையில் விழுகிறது.

எத்தனை குஞ்சு வரும் என்பது பெரும்பாலும் அவயம் வைப்பதற்கு முந்தைய வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது என்றுதான் நான் சொல்வேன். நம்முடைய பழைய நம்பிக்கைகளில் பலவும் வைத்த பிறகு நடப்பதைப் பற்றியே பேசுகின்றன.

நாட்டுக்கோழியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சிறுவிடைப் பெட்டை ஒரு ஈட்டில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டுத்தான் அவயத்துக்கு வரும். நடுநடுவே விட்டு விட்டு இடுவதால், கடைசி முட்டை விழும்போது முதல் முட்டைக்கு வயது இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எல்லா முட்டையையும் சேர்த்து அப்படியே வைப்பதுதான் வழக்கம். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையின் பொரிப்புத் திறன் நாளுக்கு நாள் இறங்கும். கோடையில் நான்கைந்து நாளே அதிகம். ஆகவே இட்டவுடன் முட்டையில் பென்சிலால் தேதி எழுதுங்கள். முதலில் வந்தவற்றைக் குழந்தைகளுக்கு வேகவைத்துக் கொடுங்கள். கடைசி ஒரு வாரத்து முட்டைகளை வையுங்கள். எண்ணிக்கை போதாவிட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெட்டையின் புது முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். தாய்க்கோழி தன் முட்டை, பிற முட்டை என்று பார்க்காது.

வைக்கும் இடத்துக்குப் பெரிய செலவு இல்லை. அகன்ற மண்சட்டியில் மணல் நிரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, அதன் நடுவில் ஒரு சின்னச் சட்டியைப் பதித்து, முட்டைகளைக் கூர்முனை கீழாக அடுக்கி, ஈரச் சாக்கால் மேலே மூடி, வீட்டின் குளுமையான மூலையில் வைத்தால் போதும். சாக்கு முட்டையைத் தொடக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்த முட்டை பொரிக்கவே பொரிக்காது என்பதும் முழு உண்மை அல்ல. ஓரிரு நாள் இருந்தவை பொரிக்கக் கூடும். ஆனாலும் அந்த 4, 5 டிகிரி கருவுக்கு மிஞ்சிய குளிர். வெளியே எடுத்ததும் ஓடு வியர்த்து, அழுக்கு உள்ளே இழுக்கப்படும். மண்சட்டியே மேல்.

“தீட்டு நாள்ல தொட்டா முட்டை கெட்டுப் போகும்”

இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் தணிந்த குரலில் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கோழியைத் திறந்துவிடுவது, தீனி போடுவது, முட்டை எடுப்பது, குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பது எல்லாமே வீட்டுப் பெண்களின் வேலை. பொரிக்காமல் போன முட்டைக்கான பழியும் அவர்கள்மேல். மாதவிலக்குக்கும் கருவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யார் தொட்டாலும், எந்த நாளில் தொட்டாலும், கை சுத்தமாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அவற்றை மூடி ஒரு மெல்லிய படலத்தைப் பூசித்தான் கோழி முட்டையை வெளியே விடுகிறது. எண்ணெய்க் கை, சாணிக் கை, ஈரக் கை மூன்றும் அதற்கு ஆகாது. அதே காரணத்தால் அவயத்துக்கு வைக்கும் முட்டையைக் கழுவவும் கூடாது. அழுக்கு முட்டையை வேறாக எடுத்துவிட வேண்டும். மனுச வாடை பட்டால் கோழி முட்டையை ஒதுக்கும் என்பதும் தவறு.

“ஒத்தைப்படையில்தான் வைக்கணும்”

ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று வைப்பதில் தவறில்லை. எட்டு, பத்து, பன்னிரண்டிலும் தவறில்லை. கோழியின் வயிறு எத்தனையை மூடும் என்பதுதான் கணக்கு. சிறுவிடைக்கு அதன் அளவு முட்டையில் பத்தைச் சுற்றி. பெருவிடை இன்னும் சிலவற்றைத் தாங்கும்; ஆனால் உடல் கனத்தால் முட்டையை உடைத்தும் விடும். ஆசைக்குக் கூட நாலு வைத்தால் ஓரத்து நாலு மட்டும் கெடும் என்று நினைக்காதீர்கள். கோழி நாள் முழுக்க அலகால் முட்டைகளைப் புரட்டி, ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை நடுவுக்குப் போகும். நாளை வேறொன்று குளிரும். எல்லாமே கெடும்.

நீள முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. 1-ஆம் நூற்றாண்டு ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லாவும் இதையே எழுதிவைத்தார். ஓட்டின் வடிவத்துக்கும் குஞ்சின் பாலினத்துக்கும் தொடர்பில்லை. கோழியினத்தில் பாலினத்தை முடிவு செய்வது தாய் தரும் குரோமோசோம். ஓடு உருவாகும் முன்பே அது தீர்ந்த விஷயம். மிகவும் நீண்டதும் மிகவும் உருண்டதும் பொரிப்புக்குச் சரிவராது என்பதால், நடுத்தர வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சேவல் விஷயத்தில் ஒரு தவறான அவசரம் நடக்கிறது. நோம்பிக்குச் சேவலை அறுத்துவிட்டால், மறுநாள் முதல் விழும் முட்டை அவயத்துக்கு ஆகாது என்று எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார்கள். பெட்டையின் உடலுக்குள் விந்தணு ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும். ஆகவே அடுத்த ஆறேழு நாள் முட்டைகளை நம்பி வைக்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. நல்ல வழிச் சேவலை வாங்கிவந்து விட்டவர்கள், முதல் வாரத்து முட்டையிலேயே அதன் வாரிசு வரும் என்று எண்ணக் கூடாது. பழைய சேவலை விலக்கி மூன்று வாரம் பொறுத்தால்தான் நிச்சயம். கடையில் வாங்கும் வெள்ளை முட்டை, நாமக்கல் பண்ணையிலிருந்து வருவது, எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது. அங்கே பெட்டைகளோடு சேவலே இல்லை.

பெரியவர்கள் சொன்னதில் சரியானவையும் இருக்கின்றன. பொழுது சாய்ந்த பிறகு அவயம் வை என்பார்கள். இருட்டில் இடம் மாற்றிய கோழி அலையாமல் உட்கார்ந்துவிடும்; விடிந்ததும் அதுவே தன் இடம் என்று எடுத்துக்கொள்ளும். வெடக்கோழியின் முதல் முட்டைகளை வைக்காதே என்பார்கள். அவை சிறியவை, பொரிப்பும் குறைவு. கூடையைத் துணியால் மூடு, கண் படும் என்பார்கள். கண் படுவது இருக்கட்டும், மங்கலான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கோழி கலையாமல் இருக்கும் என்பது உண்மை. கூடைக்கு அடியில் மணலும் மேலே வைக்கோலும் போட்டுக் குழிவாக அமைத்தால் முட்டை உருண்டு ஓரம் போகாது. வைக்கோலுக்கு அடியில் கொஞ்சம் சாம்பலும் வேப்பிலையும் போடுவது நல்ல பழக்கம். செள்ளும் பேனும் ஏறினால் எவ்வளவு நல்ல தாயும் பாதியில் எழுந்துவிடும். அந்த அடுப்புக்கரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. வைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையையும் சுற்றி அதால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மற்றப் பெட்டைகள் அதே கூடையில் புகுந்து முட்டை இடும். கோடு இல்லாததை அன்றன்றைக்கே எடுத்துவிடலாம்.

உட்கார்ந்த கோழிக்குத் தீனி குறைத்தால்தான் எழாது என்று சிலர் பட்டினி போடுகிறார்கள். இது கொடுமை. அது தானே தீனியைக் குறைத்துக்கொண்டு மெலியும். நாளுக்கு ஒரு முறை இறங்கி, கம்போ சோளமோ தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு கால் மணி, அரை மணியில் திரும்பும். அந்த நேரத்தில் முட்டை ஆறுவதால் கெடுதல் இல்லை. இறங்காத கோழியை நாமே மெல்லத் தூக்கி வெளியே விட வேண்டும். இறக்கைக்கடியில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

ஏழாம் அல்லது எட்டாம் நாள் இரவு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்தது போலச் சிவந்த நரம்புகள் தெரிந்தால் உயிர் உண்டு. தெளிவாக இருந்தால் கரு கட்டவில்லை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. பின்னவை இரண்டையும் எடுத்துவிடுங்கள். அழுகிய முட்டை ஒன்று வெடித்தால் கூடையே நாறி, நல்ல முட்டைக்குள்ளும் கிருமி ஏறும். காதருகே குலுக்கிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவு செய்து விடுங்கள். உள்ளே இருக்கும் உயிரைக் குலுக்குகிறோம்.

கடைசி மூன்று நாளில் முட்டைமேல் தண்ணீர் தெளிப்பது இன்னொரு வழக்கம். காற்று வறட்சியாக வீசும் நாட்களில் ஈரம் தேவைதான். அதைக் கூடையின் அடி மணலில் ஓரமாகத் தெளியுங்கள். முட்டைமேல் ஊற்றினால் ஓட்டு அழுக்கு துளை வழியாக உள்ளே போகும்.

ஓட்டில் முதல் விரிசல் விட்டதும் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். விரிசலிலிருந்து குஞ்சு வெளியே வர 12 மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உட்தோலில் ஓடும் ரத்தம் குஞ்சுக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது. நாம் ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், தொப்புள் மூடாது. அந்த மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குத் தீனி என்பதால், முதலில் வந்த குஞ்சு பசியில் சாகும் என்று பயப்பட வேண்டியதில்லை. 23-ஆம் நாளும் விரிசல் காணாததை எடுத்துவிட்டு, தாயையும் குஞ்சுகளையும் கொடாப்பில் கவிழ்த்து, கம்பு நொய்யும், கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வையுங்கள்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து. பத்துக் குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைத்தால் மிச்சம் வீண் என்பதால்தான் பலர் போடாமல் விடுகிறார்கள். அதற்கும் அவயம் வைக்கும் நாளிலேயே வழி இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் பேசிவைத்துக்கொண்டு நாலைந்து கோழிகளை ஒரே சாயங்காலம் வைத்தால், குஞ்சுகளும் ஒன்றாக வரும், மருந்தும் ஒரே குப்பியில் முடியும். மருந்தை ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கோவைக்காரர்களுக்குச் சரவணம்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையமும் இருக்கிறது. ஐஸ் வைத்துக் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கடைசிக் குஞ்சு வரை போட்டு முடித்துவிட வேண்டும்.