பிள்ளைகளுக்கு நீதத்தைக் கற்பிப்போம்



"அவனுக்கு மட்டும் பெரிய துண்டா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. தனக்குக் குறைந்தால் அது பாரபட்சம் என்பது நாம் சொல்லாமலே பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. பிறருக்குக் குறைந்து தனக்குக் கூடும்போது அதை உணர்வதுதான் கடினம். நாம் கற்பிக்க வேண்டியது இதைத்தான். இளம் வயதிலேயே நீதத்துக்காக எழுந்து நின்றவர்களின் வரலாறுகள் இதற்குத் துணை செய்யும். அவற்றில் ஒன்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்றோர் ஊர். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் அங்கே தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. கறுப்பினத்தவரின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. 1951இல் படித்தவர்களோ 450 பேருக்கும் மேல். இடம் போதாமல், தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் உடல் நடுங்கும். வெள்ளையர் பள்ளியிலோ வசதிகளுக்குக் குறைவில்லை.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, சக மாணவர்களைத் திரட்டி வெளிநடப்புச் செய்தார். அதிலிருந்து ஒரு வழக்கு பிறந்தது. அது வேறு சில வழக்குகளுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டு, அரசுப் பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரிப்பது சட்டத்துக்கு முரண் என 1954 மே 17இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

இத்துடன் வரலாற்றை நிறுத்திவிடலாகாது. பிரிவினையைக் கைவிட மறுத்த அவ்வட்டார நிர்வாகம், 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. 1964இல்தான் அவை மீண்டும் திறந்தன. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் படிப்பையே இழந்தனர். நீதம் கேட்போர் விலை கொடுக்க நேரலாம் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

கதை முடிந்ததும், "நீ பார்பராவாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பது நம் வழக்கம். "நானும் வெளியேறியிருப்பேன்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். "வசதியான அந்தப் பள்ளியில் படித்த பிள்ளையாக நீ இருந்தால்?" என்றும் கேட்போம். பதில் உடனே வராது. யோசிக்க விடுவோம். பிறகு, விளையாட்டில் யாரைச் சேர்ப்பதில்லை, யாருக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள், அக்கா பாத்திரம் கழுவும்போது தம்பி என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்போம்.

பிள்ளையும் நம்மைக் கேட்கக்கூடும்: "வேலைக்கு வரும் அம்மாவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?" அப்போது அதட்டினால் நாம் நடத்திய பாடம் அத்துடன் வீணாகும். அன்றே அந்தத் தனி டம்ளரை ஒழித்துவிட்டு, நாம் குடிக்கும் டம்ளரிலேயே அவருக்கும் தேநீர் கொடுப்போம்.