உயர்தரமா, வெளிநாட்டு வேலையா?

பின்வரும் பந்தியை வாசித்து வினாக்களுக்கு விடை தருக.

நமுனுகுல மலையடித் தோட்டங்களில் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் இக்கேள்வி எழுகின்றது. குடும்பக் கடனும் வறுமையும் பிள்ளைகளை வெளிநாட்டு வேலையை நாடச் செய்கின்றன. இத்தேவையை இலேசாக எண்ணலாகாது. எனினும் 21 வயதுக்குக் குறைந்த பெண்கள் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்ல இலங்கை விதிகள் இடமளிப்பதில்லை. உயர்தரக் கல்வியோ அவ்வயதுக்கு முன்பே முடிந்துவிடும். அதில் சித்தியடைந்தோர் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். உயர் புள்ளி பெற்றோர் 2005இல் பதுளையில் ஆரம்பமான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கும் செல்லலாம். கற்றபின்னும் வெளிநாடு செல்லலாம். சென்று திரும்பியபின் பாடசாலையில் சேர்வது அரிது.

வினாக்கள்

1. பிள்ளைகள் வெளிநாட்டு வேலையை நாடுவதற்கான காரணங்கள் இரண்டு தருக.
2. இறுதி வாக்கியத்தின் கருத்தை விளக்குக.
3. உமது தீர்மானம் யாது? காரணங்காட்டி எழுதுக.