பாசி மூடுறதுக்கு முன்னே வைக்கோல் போடு, தங்கச்சி

நேத்து நீ அனுப்பின போட்டோவைப் பெரிசாக்கிப் பாத்தேன். பண்ணைக்குட்டையோட கிழக்குக் கரையோரம் பச்சைப் பெயிண்டைக் கொட்டின மாதிரி இருக்கே, அது கிணத்துப் படியில வழுக்குற பாசி மாதிரி தெரியல, விஷப் பாசியா இருக்கலாம். முதல் காரியமா மாட்டை அந்தப் பக்கம் விடாதே. காத்து ஒதுக்கிக்கிட்டு வந்து சேக்குற கரையிலதான் விஷம் திரண்டு நிக்கும். மாடு குனிஞ்சு வாய் வைக்கிறதும் அங்கதான்.

சந்தேகம்னா ஒரு நீளக் குச்சியை விட்டுத் தூக்கிப் பாரு. முடி மாதிரி நூல்நூலா தொங்கினா சாதாரணப் பாசி. குச்சி மேல சாயம் பூசின மாதிரி ஒட்டினா நீலப்பச்சைப் பாசியா இருக்கும். கையுறை போட்டு ஒரு கண்ணாடி பாட்டில்ல மொண்டு, ராத்திரி பூரா அசைக்காம வச்சுப் பாரு. இந்தப் பாசி உடம்புக்குள்ள காத்தை வச்சிருக்கிறதால காலையில மேல வந்து பச்சை வளையமா நிக்கும். மத்தது பெரும்பாலும் அடியில படியும். விஷம் இருக்கா இல்லையான்னு சோதனைக்கூடத்துலதான் தெரியும். அதுவரை இருக்குன்னே வச்சுக்கோ.

மயில்துத்தம் வாங்கிக் கொட்டலாமான்னு கேட்டியே, வேண்டவே வேண்டாம். பாசி ஒரேயடியா செத்து வெடிச்சா, உள்ள இருந்த விஷம் அத்தனையும் தண்ணியில கரைஞ்சிடும். 1979-ல ஆஸ்திரேலியாவுல, குயின்ஸ்லாந்து கரையோரம் இருக்கிற பாம் தீவுல இப்படித்தான் ஆச்சு. குடிதண்ணி அணையில பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டாங்க. சில நாள்ல 148 பேர், பெரும்பாலும் பிள்ளைங்க, ஈரலும் சிறுநீரகமும் பாதிச்சு படுத்துட்டாங்க. அதைப் படிச்ச நாள்லேருந்து நான் குட்டைப் பக்கம் மருந்தே கொண்டு போறதில்ல.

நான் சொல்றது வைக்கோல். இங்கிலாந்துல 1990-லேருந்தே கால்வாய்லயும் ஏரியிலயும் பார்லி வைக்கோலை வலைப்பையில கட்டி மிதக்க விட்டுப் பாத்துட்டு வராங்க. வைக்கோல் காத்தோட்டத்துல மெல்ல மக்கும்போது அதுல இருக்கிற லிக்னின் உடைஞ்சு, துவர்ப்புத் தர்ற ஃபீனால் வகைப் பொருளெல்லாம் தண்ணியில இறங்கும். அது புதுப் பாசி பெருகுறதைத் தடுக்கும்னு நினைக்கிறாங்க. ஏற்கெனவே மூடிக் கிடக்கிற பாசியைக் கொல்லாது. இந்த ஒண்ணை மனசுல வச்சுக்கோ. எல்லா ஏரியிலயும் இது பலிக்கலைங்கிறதையும் மறைக்க மாட்டேன். நம்ம நெல் வைக்கோலையும் கொரியாக்காரங்க ஆய்வுக்கூடத்துல சோதிச்சு, மைக்ரோசிஸ்டிஸ்ங்கிற நீலப்பச்சைப் பாசி வளர்றது குறையுதுன்னு 2006-ல எழுதியிருக்காங்க.

அதனால பொங்கல் முடிஞ்சு போர் போடும்போதே ரெண்டு மூணு கட்டு நல்லா காஞ்சதா எடுத்து வை. மாட்டுக்குன்னு யூரியா தெளிச்சு மூடி வச்ச வைக்கோல் ஆகாது, அது பாசிக்குத் தீனி போட்ட மாதிரி. சமீபத்துல பூச்சி மருந்து அடிச்ச வயல் வைக்கோலும் வேண்டாம். பச்சைப் புல்லும் தழையும் சீக்கிரம் அழுகி, தண்ணியில இருக்கிற மூச்சுக் காத்தை உறிஞ்சிடும். உன் குட்டை அஞ்சு சென்ட், அதாவது சுமார் 200 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம்னா, மொத்தம் பத்து கிலோ போதும். அதுக்கு மேல ஒரு கைப்பிடி கூடப் போடாதே.

வெங்காயம் வர்ற வலைச்சாக்கு இருக்குல்ல, அதுல அமுக்காம உதறி உதறிப் போட்டுக் கட்டு. இறுக்கினா நடுவுல காத்து போகாம, ரெண்டு வாரத்துல கறுத்து முட்டை நாத்தம் அடிக்கும். ஒரு தடவை நான் பிரிச்சப்போ அந்த நாத்தம் ரெண்டு நாள் கையை விட்டுப் போகல. மூடி இறுக்கின காலி தண்ணி பாட்டில் ரெண்டை உள்ள சொருகினா அடியில போகாம மிதக்கும். கயித்துல கல்லைக் கட்டி, குட்டையில நாலஞ்சு இடத்துல பரவலா விடு. குளிர் தேசத்துல வேலை செய்ய ஆறு, எட்டு வாரம் ஆகும். நம்ம வெயில்ல ரெண்டு வாரத்துல ஆரம்பிக்கும், அதே மாதிரி சீக்கிரம் தீர்ந்தும் போகும். மாசியில முதல் பை, வைக்கோல் குழைஞ்சதும் மாத்து. விடியக்காலையில மூச்சுக் காத்து பத்தாம மீன் மேல வந்து வாயைப் பொளந்தா, உடனே பைகள்ல பாதியைக் கரையில இழுத்துப் போடு.

அப்பத்தா மண்பானையில தேத்தாங்கொட்டையை இழைப்பாங்களே, கலங்கல் அடியில இறங்கிக் கண்ணாடியாட்டம் தெளியும். அந்த நம்பிக்கையில இந்தக் குட்டைத் தண்ணியைத் தெளிய வச்சு யாரும் குடிச்சிடக் கூடாது. சேறு படியும், கரைஞ்ச விஷம் படியாது. கொதிக்க வச்சாலும் மைக்ரோசிஸ்டின்ங்கிற அந்தப் பாசி விஷம் அழியாது. பாசி உடைஞ்சு விஷம் இன்னும் தண்ணியில இறங்கத்தான் செய்யும். காலம் பூரா குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல அது இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவ்வளவு கொஞ்சத்தைக் கண்ணும் நாக்கும் கண்டுபிடிக்காது.

மாட்டுக்கொட்டகை கழிவுநீர் குட்டைக்குத்தானே ஓடுது? அதுவும் பாசிக்குத் தீனிதான். இந்த வாரமே ஆளை விட்டு வாய்க்கால் வெட்டி தென்னைக்குத் திருப்பிடு. பாசி இருக்கிற வரைக்கும் மாட்டுக்குக் கிணத்துத் தண்ணியைத் தொட்டியில ஊத்து. கீரைப் பாத்திக்கும் குட்டைத் தண்ணி வேண்டாம். நாயையும் கட்டிப் போடு, அது நீந்திட்டு வந்து ரோமத்தை நக்கும்.