ஓடும் பிள்ளைக்கு எவ்வளவு எடை வேண்டும்?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் நிறையப் பேர். பழந்தண்டலம், எருமையூர் பக்கமிருந்து சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு. காலை ஆறரைக்கு ஓட்டப் பயிற்சி. அதில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளும் அவள் அம்மாவும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

ஜூன் மாதம் அவளுடைய உயரம் 150 செ.மீ., எடை 40 கிலோ. 1500 மீட்டரை 6 நிமிடம் 2 விநாடியில் ஓடினாள். நன்றாக வருவாள் என்று தெரிந்தது. ஒரு நாள் ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளிடம், "இன்னும் நாலு கிலோ குறைஞ்சா நீ பறப்பேம்மா" என்றேன். உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைதான். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

ஆகஸ்டில் அவள் நேரம் 5 நிமிடம் 51 விநாடிக்கு வந்தது. எனக்கு மகிழ்ச்சி. எடை குறைந்ததும் முதலில் வேகம் கூடுவது உண்டு. ஏமாற்றுவதும் அதுதான். அக்டோபரில் வருவாய் மாவட்டப் போட்டிக்கு முன் நேரம் 6.10 ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே, எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றாள். எடை 36 கிலோ. அறிவியல் ஆசிரியை தனியாக அழைத்துப் பேசியபோதுதான் மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பது தெரிந்தது. காலையில் சாப்பிடுவதில்லை. மதியம் சத்துணவில் முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றைத் தோழிக்குக் கொடுத்துவிடுகிறாள். "சார் நாலு கிலோன்னு சொன்னாரு டீச்சர், சரியா நாலு குறைச்சிட்டேன்" என்றாளாம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அழுத்தத்தால் எலும்பில் கீறல் தொடங்கியிருக்கலாம் என்று சொல்லி ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார். அதற்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுந்தூர ஓட்டத்தில் எடைக்குப் பங்கு உண்டு. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் சுமந்து ஓட ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. சுமை குறைந்தால் செலவு குறையும். ஆனால் குறைவது எது என்பதுதான் கேள்வி. வளரும் பிள்ளையிடம் குறைப்பதற்குத் தேவையற்ற கொழுப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. தசையும் நீரும் குறைகின்றன, எலும்புக்குச் சேர வேண்டியது சேராமல் போகிறது.

அடுத்து, நாம் நம்பும் பி.எம்.ஐ. கணக்கு. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுக்கிறோம். ஜூனில் அவளுக்கு 40 ÷ 2.25 = 17.8. பெரியவர்களுக்கான அளவுகோலில் 18.5-க்குக் கீழே போனால் மெலிவு. அப்படிப் பார்த்தால் அவள் அப்போதே மெலிந்தவள். ஆனால் பெரியவர்களின் கோட்டைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 5 முதல் 19 வயதுக்கான அட்டவணையில் 14 வயதுப் பெண்ணுக்கு மெலிவின் எல்லை சுமார் 15.4. அதன்படி 17.8 இயல்பானது. சரி, அக்டோபரில்? 36 ÷ 2.25 = 16. இதுவும் அட்டவணைப்படி இயல்புதான்! மாதவிடாய் நின்று, எலும்பு வலித்து, ஓட்டம் தளர்ந்த ஒரு பிள்ளையை அட்டவணை 'இயல்பு' என்கிறது.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். அட்டவணையில் தவறில்லை. ஒரு நாள் எடுத்த ஒரு புள்ளியை வைத்துப் படித்தது என் தவறு. வளர்ச்சி அட்டவணை என்பது கோடுகளால் ஆனது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் 5 முதல் 18 வயது வரை நம் பிள்ளைகளுக்கென்றே வெளியிட்ட அட்டவணையும் அப்படித்தான். ஒரு பிள்ளை தன் கோட்டை ஒட்டி மேலேறிக்கொண்டே இருக்க வேண்டும். பதினான்கு வயதில் நான்கு மாதத்தில் எடை ஏறாமல் நின்றாலே விசாரிக்க வேண்டும். இவளுக்கு நான்கு கிலோ இறங்கியிருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் கணித வகுப்பிலேயே இதைச் செய்யலாம். 40 கிலோ எடையில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் மீதி 32 கிலோ. நாளுக்கு 8 கி.மீ. ஓடினால் செலவு சுமார் 320 கிலோ கலோரி. அவள் சாப்பிட்டது ஏறத்தாழ 1200 என்று கொள்வோம். ஓட்டத்துக்குப் போக மிஞ்சுவது 880. அதை 32-ஆல் வகுத்தால் 27.5. இதயம் துடிக்க, எலும்பு வளர, சினைப்பை இயங்க உடலுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இந்த எண் 45-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 30-க்குக் கீழே நீடித்தால் ஆபத்து என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் அளவு. அப்போது உடல் சிக்கனத்தில் இறங்குகிறது. உடனடி உயிருக்குத் தேவையில்லாத வேலைகளை நிறுத்துகிறது, மாதவிடாய் அதில் முதல் வரிசை. இந்நிலைக்கு சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் பெயர் சூட்டி அறிக்கை வெளியிட்டது. 2023-இல் அதைப் புதுப்பித்தது. சுருக்கமாக 'ரெட்-எஸ்' என்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். மாதவிடாய் என்ற எச்சரிக்கை மணி இல்லாததால் அவர்களிடம் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 2400 கிலோ கலோரி தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (2020). காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறரை மணிப் பயிற்சிக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது என்பதை நாம் கேட்டால்தான் தெரியும்.

வினேஷ் போகத் 2024 ஆகஸ்டில் பாரிஸில் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியை இழந்ததைப் பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். "எடை கூடினா வெளியே அனுப்பிடுவாங்க" என்பது அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. மல்யுத்தத்துக்கு எடைப் பிரிவு உண்டு, ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் தராசு கிடையாது என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு பி.டி. உஷாவின் கதையையும் சொன்னேன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தவர். அங்கே கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிடக் கிடைத்தது, கடைசி மீட்டர்களில் தெம்பில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இலக்கு எடை என்ற ஒன்று வளர்ந்தவர்களுக்குப் பொருந்தும். நம்மிலேயே மாரத்தான் ஓடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆசியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை என்ற பி.எம்.ஐ. எல்லைக்குள், 160 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 47 முதல் 58 கிலோ. பதினொரு கிலோ அகலமான இந்த இடைவெளியில் எங்கே நன்றாகத் தூங்கி, காயமின்றி, பழைய வேகத்தில் ஓட முடிகிறதோ அது உங்கள் எடை. குறைக்க வேண்டுமென்றால் போட்டி இல்லாத மாதங்களில், வாரம் அரைக் கிலோவுக்கு மேல் போகாமல். தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் உறை போட்டு வியர்த்துக் குறைப்பது சென்னை வெயிலில் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகளுக்கு நாங்கள் இலக்கு வைப்பதில்லை. மாதம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில், தனித்தனியாக அழைத்து எடையும் உயரமும் குறிக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எல்லோர் முன்னும் எடையை வாசிப்பதில்லை. பெண்பிள்ளைகளின் குறிப்பேட்டை அறிவியல் ஆசிரியை வைத்திருக்கிறார். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை, 15 வயதாகியும் பருவமடையவில்லை, எலும்பில் ஒரே இடத்தில் வலி, எடை இறக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புகிறோம். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழமும் வேர்க்கடலை உருண்டையும். செலவை ஆசிரியர்கள் நாலு பேர் பகிர்ந்துகொள்கிறோம், சில மாதம் கையைக் கடிக்கிறது.

அவளிடம் நான் சொன்னது தவறு என்று அவள் அம்மா முன்னிலையில் சொன்னேன். அந்த ஆண்டு வருவாய் மாவட்டப் போட்டிக்கு அவள் போகவில்லை. மாதவிடாய் திரும்ப ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது பத்தாம் வகுப்பு. ஜூலைக் குறிப்பில் உயரம் 152, எடை 43.5. 1500 மீட்டர் 5 நிமிடம் 54. எடை ஏறியதைப் பார்த்ததும் இன்னும் ஒரு கணம் அவள் முகம் மாறுகிறது. அறிவியல் ஆசிரியை அந்த எண்ணை மறைத்து, கோட்டை மட்டும் காட்டுகிறார்.