எரிமலையடியில் வேளாண்மை: சகுராஜிமா கற்பிக்கும் பாடம்

ஜப்பான் தேசத்தின் பெருந்தீவுகளுள் தென்மேற்கில் இருப்பது கியூஷு. அதன் தென்கோடியில் காகோஷிமா விரிகுடா நிலத்தினுள் நீண்டு கிடக்கிறது. அவ்விரிகுடாவிலே 1,117 மீட்டர் உயர்ந்து, அடிக்கடி புகையும் சாம்பலும் கக்கி நிற்பது சகுராஜிமா என்னும் எரிமலை. அதற்கு மேற்கே, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீரைக் கடந்தால் காகோஷிமா நகரம். நகரத்துத் துறையிற் கப்பலேறுபவர் கால் மணி நேரத்தில் மலையடியை அடையலாம். அங்கே இறங்கிக் கரையோரமாய்ச் செல்பவர், ஒரு பக்கம் கற்குழம்பு இறுகிய கரும்பாறைக் காட்டையும், மற்றொரு பக்கம் முள்ளங்கித் தோட்டங்களையும் ஆரஞ்சுத் தோப்புகளையும் காண்பார். இத்தகைய அபாயமான இடத்தில் குடியானவர் எதைப் பயிரிடுகின்றனர், எவ்வாறு பயிரிடுகின்றனர், ஆபத்து நேருங்கால் யாது செய்ய வேண்டும் என்பவை, நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தரும் ஆராயத்தக்க விஷயங்களாம்.

மண்ணின் தன்மை

எரிமலை மண் யாவும் இயல்பாகவே செழுமையுடையது என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முழுதும் சரியன்று. சற்றேறக்குறைய 30,000 வருஷங்களுக்கு முன், விரிகுடாவின் வடபாகம் இருக்கும் இடத்தில் ஒரு பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. அப்போது வெளிப்பட்ட நுரைக்கல்லும் சாம்பலும் சுற்றுப்புறத்தை மூடின. இவ்வெண்ணிறப் படிவை அந்நாட்டார் ‘ஷிராசு’ என்பர். சில இடங்களில் இதன் கனம் 100 மீட்டருக்கும் மேற்பட்டது. பெய்த நீரை இது விரைவில் உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். ஆதலால் மேட்டு நிலங்களில் நெற்பயிருக்கு ஏற்றதன்று. பெருமழையில் இதன் ஓரங்கள் சரிந்து விழுவதும் உண்டு. வேறு சில இடங்களில் சாம்பலும் மட்கிய புல்லும் கலந்து உண்டான கரிய மண் இருக்கின்றது. பார்வைக்கு மிக வளமாய்த் தோன்றும் இம்மண், பாஸ்வர உரத்தைத் தன்னிடம் இறுகப் பிடித்துக்கொண்டு, பயிரின் வேருக்கு எளிதில் விடுவதில்லை. ஆகவே அவ்வுரத்தைத் தாராளமாக இட்டு, மக்கிய தொழுவுரமும் சேர்த்தாலன்றி நல்ல மகசூல் காண்பதரிது. மண்ணின் நிறத்தைக் கொண்டு மட்டும் அதன் வளத்தை மதிப்பிடலாகாது என்பது இதனால் விளங்கும்.

புதிதாக ஓடிய கற்குழம்போ, மனிதர் ஆயுட்காலத்தில் விளைநிலமாவதில்லை. 1914-ஆம் வருஷத்துக் குழம்பின்மேல் நூறு வருஷங்களுக்குப் பின்னும் பெரும்பாலும் பைன் மரங்களும் புதர்களுமே வளர்ந்திருக்கின்றன.

நிலத்துக்கேற்ற பயிர்கள்

இந்நாட்டுக் குடியானவர் நிலத்தோடு போராடாமல், அதற்கேற்ற பயிர்களைத் தெரிந்துகொண்டனர். அவற்றுள் முதன்மையானது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 1705-ஆம் வருஷத்தில் மாயேதா ரீமோன் என்பவர் ரியூக்யூ தீவுகளினின்றும் இதனைக் கொணர்ந்து இங்கே பரப்பினார் என்பர். நீர் தங்காத ஷிராசு நிலத்தில் இக்கிழங்கு நன்றாய் விளைந்தது. காற்றையும் சாம்பலையும் ஓரளவு தாங்கியது. 1732-இல் மேற்கு ஜப்பானில் கொடிய பஞ்சம் உண்டான பின், அரசாங்கத்தார் 1735-இல் தலைநகரில் இதனைப் பரீட்சை செய்து, பிற பிரதேசங்களிலும் பரவச் செய்தனர். சத்சுமா என்னும் இப்பகுதியின் பழைய பெயராலேயே ஜப்பானியர் இதனைச் ‘சத்சுமாக் கிழங்கு’ என்று இன்றும் வழங்குகின்றனர்.

மலையடியின் விசேஷப் பயிர் சகுராஜிமா முள்ளங்கி. சாதாரணமாக 6 கிலோகிராம் நிறை பெறும். நன்கு பேணினால் 20, 30 கிலோகிராமும் ஆகும். 2003-இல் விளைந்த ஒரு கிழங்கு 31.1 கிலோகிராம் இருந்தது. நுரைக்கல் கலந்த ஆழமான இளகிய மண்ணில் கிழங்கு தடையின்றிப் பருக்கிறது. கோடையின் இறுதியில் விதையூன்றி, செடிக்குச் செடி மிகுந்த இடம் விட்டுக் களைத்து, குளிர்காலத்திற் பிடுங்குவர். இதனுடன் ‘கொமிகான்’ என்னும் மிகச் சிறிய ஆரஞ்சும் இங்கே பேர் பெற்றது. அதன் குறுக்களவு சுமார் 5 சென்டிமீட்டரே.

சாம்பலால் நேரும் நஷ்டம்

1955 முதல் இம்மலை பெரும்பாலும் ஓயாமற் சாம்பல் கக்கி வருகிறது. சாம்பலோடு ஒட்டிவரும் அமிலம் ஈரம் பட்டவுடன் இலையைக் கருக்குகிறது; பூவின்மேற் படிந்தால் காய்ப்பிடிப்புக் குறைகிறது; பழத்தின் தோலில் வடுவுண்டாகி விலை தாழ்கிறது. இதற்குக் குடியானவர் கைக்கொண்ட வழிகள் மூன்று. முதலாவது, காற்றின் போக்கை அறிதல். கோடையில் கீழ்க்காற்று சாம்பலைக் காகோஷிமா நகரத்தின்மேற் செலுத்தும். குளிர்காலத்தில் வடமேல் காற்று அதனை ஒசுமி தீபகற்பத்தின் பக்கம் கொண்டுபோகும். ஆதலால் மலையின் வடமேற்குப் பக்கத்து நிலங்களில் குளிர்காலப் பயிருக்குச் சேதம் குறைவு. இரண்டாவது, மெல்லிய பயிர்களைக் கூரையின்கீழ் வளர்த்தல். மூன்றாவது, இலையிற் படிந்ததைத் தாமதமின்றிக் கழுவுதல். தேயிலைத் தோட்டக்காரர் இதற்கென இயந்திரங்களையும் வைத்துள்ளனர். இச்செலவுகளைக் குடியானவர் தனியே தாங்கவொண்ணாது. ஆகையால் 1973-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ் சர்க்கார் பொருளுதவி செய்து வருகின்றனர்.

1914-ஆம் வருஷத்து நிகழ்ச்சி

இனிக் கூறப்போவது கிராம உத்தியோகஸ்தர் விசேஷமாய்க் கவனிக்கத்தக்கது. 1914 ஜனவரி 10-ஆம் தேதி வாக்கில் பூமி அடிக்கடி அதிரலாயிற்று. 11-ஆம் தேதி அதிர்ச்சி மிகுந்தது. கிணற்று நீரில் மாறுதல்கள் தோன்றின. கரையோரத்தில் வெந்நீர் கொதித்தெழுந்தது. 1779-இல் மலை வெடித்தபோதும் இத்தகைய குறிகள் முன்னே தோன்றியதை முதியோர் சொல்லக் கேட்டிருந்த பல ஊரார், எவர் உத்தரவையும் எதிர்பாராமல் பெண்டு பிள்ளைகளைப் படகேற்றி அனுப்பிவிட்டனர்.

கிழக்குச் சகுராஜிமா கிராமத்துத் தலைவரோ, எதிர்க்கரையிலிருந்த வானிலை நிலையத்தாரைக் கேட்டார். அந்நிலையத்தில் அப்போதிருந்த கருவி பழைய மாதிரியானது. மலை வெடிக்காது என்ற விடையே திரும்பத் திரும்ப வந்தது. அதனை நம்பி ஜனங்களைத் தங்குமாறு கூறினார்கள். 12-ஆம் தேதி காலை 10 மணிக்குச் சற்றுப் பின் மலை வெடித்தது. படகுகள் போதாமையால் சிலர் குளிர்காலக் கடலிற் குதித்து நீந்தினர். அவர்களுட் சிலர் மூழ்கி மாண்டனர். கிராமக் கச்சேரிச் சிப்பந்திகளும் அவர்களுள் இருந்தனர். அன்று மாலை பெரிய பூகம்பமும் நேர்ந்தது. மொத்தம் 58 பேர் மாண்டனர். கற்குழம்பு பல ஊர்களை மூடிற்று. கிழக்கே சுமார் 400 மீட்டர் அகலமிருந்த கடலையும் தூர்த்து, அதுவரை தீவாயிருந்த சகுராஜிமாவை ஒசுமிக் கரையோடு சேர்த்துவிட்டது. நிலமிழந்த குடிகள் பலர் ஒசுமியிலும் பிற இடங்களிலும் புதிதாய்க் காடு திருத்த வேண்டியதாயிற்று.

பத்து வருஷங்களுக்குப் பின், அக்கிராமத்துப் பள்ளியில் ஒரு கல் நாட்டப்பட்டது. சாஸ்திரக் கொள்கையை மட்டும் நம்பியிராமல், மாறுதல் கண்டவுடன் முன்னதாகவே வெளியேற ஆயத்தமாக வேண்டும் என்றும், எந்நாளும் சிக்கனமாய் வாழ்ந்து பொருள் சேர்த்து, ஆபத்து வரும்போது வழி தெரியாமல் திகைக்காதிருக்க வேண்டும் என்றும் அதிற் பொறித்திருக்கின்றது. இதனைச் சாஸ்திரத்தை இகழ்வதாகக் கொள்ளலாகாது. இன்று மலையைச் சுற்றிலும் நுட்பமான கருவிகள் உள்ளன. 2015-இலும் 2022-இலும் அபாய அறிவிப்புக் கிடைத்தவுடன் அடிவாரத்து ஊரார் சிலர் வெளியேற்றப்பட்டனர். பெருங்கேடு ஒன்றும் நேராமையால் பின்னர் வீடு திரும்பினர். வீணே அலைந்தோம் என்று அவர்கள் எண்ணாதிருப்பதே 1914-இன் பாடம் நிலைத்திருப்பதற்கு அடையாளம்.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

1. நிலத்தின் இயல்பைப் பரீட்சித்து அறிந்த பின்னரே பயிரையும் உரத்தையும் நிச்சயிக்க வேண்டும்.

2. ஆண்டுதோறும் வரும் சேதத்திற்கு, அது வரும் பருவத்தையும் திசையையும் குறித்துவைத்து, விதைப்புக் காலத்தைத் திட்டம் செய்தல் நலம்.

3. கிணறு, ஊற்று, கரை ஆகியவற்றிற் காணும் மாறுதல்களைக் கிராமக் கணக்கில் தேதியுடன் பதிந்து, மேலதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். முதியோர் சொல்லையும் அசட்டை செய்யலாகாது.

4. மேலிடத்து விடை வருமுன் உயிருக்கு அபாயம் கண்ணெதிரே தோன்றுமாயின், ஜனங்களை அப்புறப்படுத்துவதே உத்தியோகஸ்தரின் முதற்கடமை. போன நெல்லை மறு போகத்தில் விளைவிக்கலாம். போன உயிரை மீட்க இயலாது.