பழைய பிலிம் கேமரா தொழிலுக்கு உதவாதா?

பீடோர் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் ஆல்பத்தில் காத்துவரும் பழைய கல்யாணப் படங்களுக்குப் பின்னால் இருப்பவை கையால் முடுக்கும் பிலிம் கேமராக்கள். அவற்றைப் பற்றிய சில எண்ணங்களைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: அவை புதிதாகப் பழகுபவர்களுக்கு மட்டுமே.

உண்மை: 1948இல் அவசரகாலத்தில் மலாயாவில் அடையாள அட்டை கட்டாயமானபோது, 12 வயதைத் தாண்டிய அனைவரையும் படமெடுத்தவை அன்றைய பிலிம் கேமராக்களே. 1959இல் வந்த நிக்கான் எஃப் போர்க்களங்களுக்கே போனது. புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்த ஆப்கன் சிறுமியின் படமும் நிக்கான் எஃப்எம்2வில் எடுத்ததுதான்.

நம்பிக்கை: பேட்டரி தீர்ந்தால் வேலை நின்றுவிடும்.

உண்மை: எஃப்எம்2வில் பேட்டரி ஒளியை அளக்க மட்டுமே. பேட்டரி இல்லாமலும் ஷட்டர் 1/4000 நொடி வரை எல்லா வேகத்திலும் இயங்கும்.

நம்பிக்கை: எல்லாப் பழைய கேமராவும் ஒன்றுதான்.

உண்மை: தோட்டத்துக் கோயில் வாசலில், உச்சி வெயிலில் மணமக்களை நிறுத்துங்கள். கண்ணுக்குக் கீழே நிழல் விழும். பிளாஷ் போட வேண்டும்; வெயிலுக்கு ஏற்ப ஷட்டர் வேகத்தையும் கூட்ட வேண்டும். பென்டாக்ஸ் கே1000இல் பிளாஷோடு 1/60 நொடிக்கு மேல் வேகம் கூட்டினால் படத்தில் ஒரு பகுதி இருண்டுவிடும். காரணம், ஷட்டர் திரை முழுதாகத் திறப்பதற்குள் மூடத் தொடங்கிவிடுகிறது. யாஷிகா மேட் 124ஜி, ஹாசல்பிளாட் 500சி ஆகியவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், 1/500 வரை பிளாஷ் சரியாக விழும். அவற்றின் சதுர நெகட்டிவ் 35 மி.மீ. பிலிமைவிட மூன்றரை மடங்கு பெரியது. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் முகம் தெளிவாக நிற்கும். ஆனால் ஒரு ரோலுக்கு 12 படங்கள்தான். கெட்டிமேளம் கேட்பதற்குள் புது ரோல் மாட்டிவிட்டவரே கெட்டிக்காரர்.

நம்பிக்கை: இரும்புக் கேமரா காலத்துக்கும் கெடாது.

உண்மை: நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். உள்ளிருக்கும் எண்ணெய் கெட்டியானால் ஒரு நொடி ஷட்டர் இரண்டு நொடி இழுக்கும். ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு பிசுபிசுத்து உதிரும்.

ஓடும் பந்தை விரட்டிப் படமெடுக்க இவை ஏற்றவை அல்ல. கல்யாணத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் தாராளமாகப் போதும். வாங்க நினைப்பவர்கள் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், மெதுவான வேகங்களைக் காதால் கேளுங்கள், பிறகு விலை பேசுங்கள்.